நின்றபடியே தேயும் வண்டி

மடிப்பு கேம்ப்பரைப் பாதி வண்டி, பாதி கூடாரம் எனலாம். காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும்போது நெஞ்சுயரத்துக்கும் குறைவான தட்டைப் பெட்டியாக இருக்கும். முகாம் இடத்தில் நிறுத்தி முன்புறக் கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும். இரண்டு முனைகளிலிருந்தும் படுக்கைப் பலகைகளை வெளியே இழுத்தால், இடையில் துணிச்சுவர் விரிந்து வீடாகிவிடும். உள்ளே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. அமெரிக்காவில் அறுபதுகளின் பிற்பகுதியில் இது நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறை வாகனமானது. விளக்குக்கும் அடுப்புக்கும் பேர்போன கோல்மன் நிறுவனம் அந்தக் காலத்தில்தான் பென்சில்வேனியாவில் இதைச் செய்யத் தொடங்கியது. 1968-ல் இண்டியானா மாநிலத்தின் மிடில்பரியில் லாயிட் போன்ட்ரேகர், தாமே வடிவமைத்த கூரை தூக்கும் அமைப்பை நம்பி, தம் பண்ணையிலேயே ஜேக்கோ நிறுவனத்தை ஆரம்பித்தார். அந்த வரிசையில் வந்த வண்டிகள் இருபது, முப்பது வயதிலும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. புதிய வண்டிக்கு வழியில்லாத எத்தனையோ குடும்பங்களைக் காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் அழைத்துப்போவது இந்தப் பழைய கேம்ப்பர்கள்தான்.

பழைய கார் வாங்குபவர் முதலில் கேட்பது, எத்தனை மைல் ஓடியது என்று. கேம்ப்பரில் மைல் காட்டும் மீட்டரே கிடையாது, இருந்தாலும் அதனால் பெரிய பயன் இருக்காது. ஒரு சராசரிக் குடும்பம் கோடையில் இரண்டு மூன்று வாரம் இதைப் பயன்படுத்தும். மீதி ஏறக்குறைய ஐம்பது வாரமும் வண்டி வீட்டுக்குப் பின்னால் மழையிலும் பனியிலும் மடிந்தபடி நிற்கும். கெடுவது பெரும்பாலும் அந்த ஐம்பது வாரத்தில்தான். பராமரிப்பும் அந்த மாதங்களைக் குறிவைத்துத்தான் நடக்க வேண்டும். பயணத்துக்கு முந்தின நாள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது பராமரிப்பு ஆகாது.

முதலில் டயர். கார் டயர் பட்டை தேய்ந்து சாகிறது, கேம்ப்பர் டயரோ பட்டை புதிதாக இருக்கும்போதே செத்துப்போகிறது. காரணம் ஓசோன். நாம் மூச்சுவிடும் காற்றில் பத்துக்கோடி மூலக்கூறுகளுக்கு இரண்டு மூன்று என்ற அளவில் ஓசோன் இருக்கிறது. ரப்பரின் நீண்ட கார்பன் சங்கிலியில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோன் அந்த இடங்களில் பாய்ந்து சங்கிலியை வெட்டிவிடும். தளர்வாகக் கிடக்கும் ரப்பரில் இதனால் பெரிய கேடில்லை. இழுபட்டு நிற்கும் ரப்பரில் ஒவ்வொரு வெட்டும் வாய் பிளந்து, அடுத்த அடுக்கை ஓசோனுக்குத் திறந்துவிடுகிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியில் டயரின் பக்கச்சுவர் தரையருகே புடைத்து, இழுபட்டபடியே இருக்கும். மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தலைகாட்டுகின்றன.

டயர் செய்பவர்களுக்கு இது தெரியாததல்ல. ரப்பரோடு மெழுகையும், ஓசோனைத் தன்மேல் வாங்கிக்கொண்டு ரப்பரைக் காக்கும் 6பிபிடி போன்ற வேதிப்பொருளையும் கலக்கிறார்கள். (இதே 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் பொருள் மழைநீரோடு ஓடைகளுக்குப் போய் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-ல் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கு மாற்று தேடும் வேலை இன்னும் முடியவில்லை.) இந்தப் பாதுகாப்புப் பொருட்கள் உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்தபடி இருக்க வேண்டும். சக்கரம் சுழல்கையில் டயர் அமுங்கி நிமிர்வதுதான் அந்தக் கசிவுக்கு உதவுகிறது. நிற்கும் டயரில் அந்த அமுக்கம் இல்லை. மேலே இருக்கும் மெழுகுப் படலம் தீர்ந்ததும் புதுப் படலம் சரியாக வந்து சேர்வதில்லை. ஓடாததாலேயே கெடுகிறது என்பது டயர் விஷயத்தில் வெறும் பேச்சில்லை, வேதியியல்.

டயரின் வயதை அறிவது எளிது. பக்கச்சுவரில் டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3216 என்றிருந்தால் அது 2016-ம் ஆண்டின் 32-வது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருஷம் கடந்த டிரெய்லர் டயரை, பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும், மாற்றிவிட வேண்டும் என்பதே அனுபவஸ்தர்கள் சொல்வது. நானும் அதையே வற்புறுத்துவேன். நெடுஞ்சாலையில் கிழியும் டயர் தான் போவதோடு நிற்காது. சக்கரத்தின் மேல்மூடியைப் பிய்த்து, தரைப்பலகையைக் குத்தி, சில சமயம் எரிவாயுக் குழாயையும் இழுத்துக்கொண்டு போகும். சாதாரண டிரெய்லர் டயர்களில் பலவற்றுக்கு மணிக்கு 65 மைல்தான் உச்சவரம்பு என்பதையும் காரோட்டுபவர் மறந்துவிடக்கூடாது.

டயருக்கு உள்ளே பேரிங். கேம்ப்பர்களில் இருப்பது கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங். ஹென்றி டிம்கென் 1898-ல் காப்புரிமை வாங்கிய அதே வடிவம்தான். மேலிருந்து அழுத்தும் எடையையும், வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசையையும் சேர்த்தே தாங்குவது அதன் பெருமை. பன்னிரண்டு அங்குல ரிம் போட்ட சின்னச் சக்கரம் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் நிமிஷத்துக்கு ஆயிரம் முறை சுழல வேண்டியிருக்கிறது. கார்ச் சக்கரத்தைவிடக் கூடுதலான உழைப்பு. ஆனாலும் பேரிங்கைக் கெடுப்பது இந்த உழைப்பில்லை. ஓடிச் சூடான சக்கர மையம் (ஹப்) இரவில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஈரமான வெளிக்காற்றை சீல் வழியே இழுத்துக்கொள்கிறது. அந்த ஈரம் துளியாகி, உருளையும் தடமும் தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டில் தங்கிவிடும். வண்டி ஒரு குளிர்காலம் முழுக்க அசையாமல் நின்றால் உருளைகளும் அதே இடத்தில் நிற்கும். கழற்றித் துடைத்துப் பார்த்தால் எஃகுத் தடத்தில் சம இடைவெளி விட்டு மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஓர் உருளை நின்ற இடம். நகத்தால் தடவினால் சொரசொரப்பு தட்டும். அந்தக் கோட்டிலிருந்து எஃகு செதில் செதிலாக உரியத் தொடங்கிவிட்டால் பிறகு எந்த கிரீஸும் காப்பாற்றாது.

ஆகவேதான் ஆக்ஸில் செய்பவர்கள் பன்னிரண்டாயிரம் மைல் அல்லது பன்னிரண்டு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது பேரிங்கைக் கழற்றிப் பழைய கிரீஸை முழுக்க வழித்தெடுத்துப் புதிதாக நிரப்பச் சொல்கிறார்கள். கேம்ப்பர்காரர்களுக்கு மாதக் கணக்குதான் முதலில் வரும். இதில் இரண்டு தவறுகள் பரவலாக நடக்கின்றன. பழைய கிரீஸின்மேல் வேறு வகை கிரீஸை அப்புவது ஒன்று. லித்தியம் சோப்பு அடிப்படையிலானதும் களிமண் அல்லது பாலியூரியா அடிப்படையிலானதும் கலந்தால் சில சமயம் கட்டு குலைந்து தண்ணீராக ஓடிவிடும். மற்றது, பேரிங்கைப் பிடித்திருக்கும் நட்டை இறுக்கமாக முடுக்கி வைப்பது. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே முதலில் இறுக்கி உருளைகளைச் சரியாக உட்கார வைத்து, பின்பு தளர்த்தி, கடைசியில் விரலால் மட்டும் முடுக்கிப் பின்னைக் குத்த வேண்டும். மிகச் சிறிய ஆட்டம் இருப்பது குற்றமில்லை, ஆட்டமே இல்லாமல் இறுக்கினால்தான் எரியும். பயணத்தில் முதல் நிறுத்தத்திலேயே ஹப்பின்மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

இனி தண்ணீர். மடிப்பு கேம்ப்பரின் பெரும் நோய் இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அடுத்தபடி. கேம்ப்பரின் கூரை மழை பட்டு வழிய வேண்டிய ஒரு மூடி. அதில் காற்றுப்போக்கி, ஏசி, சட்டம், திருகாணி என்று எத்தனையோ துளைகள். ஒவ்வொரு துளையையும் ஏதோ ஒரு சீலண்ட் அடைத்துக்கொண்டிருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த பல வண்டிகளில் கூரை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனது. வளைத்து வார்க்க எளிது, பார்க்கவும் அழகு. ஆனால் சூட்டுக்கு ஏபிஎஸ் விரிவது அலுமினியத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மிச்சிகன் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி, கோடை வெயிலில் கூரையின் மேற்பரப்பு நாற்பதைத் தாண்டும். மூன்றரை மீட்டர் நீளக் கூரை இந்த அறுபது டிகிரி வித்தியாசத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்க வேண்டியிருக்கிறது. ஓரங்களில் திருகாணி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர், பிளாஸ்டிக்குக்கு நெகிழ்வைத் தரும் பியூட்டாடையீன் பகுதியையே முதலில் சிதைக்கிறது. நீளவும் முடியாமல், நெகிழவும் முடியாமல், திருகாணித் துளைகளிலும் மூலைகளிலும் கூரை விரிசல் விடுகிறது. விரிசலின் முனையில் ஒரு சிறு துளை போட்டு அதை நிறுத்தி, மேலே நெகிழும் பூச்சு கொடுத்தால் சில வருஷம் ஓட்டலாம். கடினமான பசையால் அடைத்தால், பசைக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விழும்.

சிலிகான் பற்றி ஒரு வார்த்தை. ஹார்டுவேர் கடையில் கைக்குக் கிடைக்கும் சிலிகான் டியூப்பைக் கூரையில் பிதுக்குவது நல்லெண்ணத்தோடு செய்யும் தீங்கு. அது காய்ந்தபின் அதன்மேல் வேறெதுவும் சரியாக ஒட்டாது. பின்னால் வருபவர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். திருகாணியும் சட்டமும் உட்காரும் இடங்களுக்கு பியூட்டைல் டேப்தான் சரி. அது ஒருபோதும் முழுக்க இறுகுவதில்லை, கூரை நீண்டு சுருங்கும்போது கூடவே இழுபடும்.

கூரையிலோ மூலையிலோ நுழைந்த நீர் கடைசியில் வந்து தங்கும் இடம் தரைப்பலகை. இதில்தான் வண்டியின் ஆயுள் இருக்கிறது. மரத்தின் ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைகளால் ஒன்றும் செய்ய முடியாது. ஏறத்தாழ முப்பது சதவீதத்தில் மர நார்களின் சுவர்கள் நீரால் நிறைந்துவிடும். அதற்கு மேல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பழுப்பு அழுகலை உண்டாக்கும் வகை, மரத்தின் செல்லுலோஸைத் தின்றுவிட்டு, லிக்னின் என்ற பழுப்புப் பொருளை விட்டுவைக்கிறது. அதனால் பலகை வெளிப்பார்வைக்குப் பலகையாகவே இருக்கும், பலம் மட்டும் போயிருக்கும். முற்றிய நிலையில் அது வறண்ட ஏரிப் படுகையைப்போலச் சதுரம் சதுரமாக வெடித்துக் கிடக்கும். இருபது வயதைத் தாண்டிய ஒரு வண்டியின் தரைவிரிப்பை மூலையில் தூக்கிவிட்டு, மழுங்கிய திருப்புளியை லேசாக ஊன்றிப் பார்த்தேன். நடுத்தரையில் ‘டக்’கென்று தடுத்து நின்றது. கதவுக்கருகே கொஞ்சம் இறங்கியது. பின்மூலையில் அழுத்தவே தேவைப்படவில்லை. அடிப்பகுதி வரை போய், எடுக்கும்போது நுனியில் காபிப்பொடி நிறத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த மூலையில் ஒரு கறைகூட இல்லை. பூஞ்சைக்கு நம் பார்வை எட்டாத இடங்கள்தான் பிடிக்கும். வண்டியை வாங்கப்போகிறவர் கையில் திருப்புளி இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

துணிச்சுவர் இன்னொரு தனி உலகம். பழைய வண்டிகளில் பருத்திக் கேன்வாஸ். அதில் நீர் புகாததற்குக் காரணம் பூச்சு மட்டுமில்லை. நனைந்ததும் பருத்தி இழை உப்பி, நூல்களுக்கிடையேயுள்ள சந்துகள் சுருங்கிவிடும். மிச்சச் சந்தில் நீரின் மேற்பரப்பு இழுவிசை துளியைத் தடுத்து நிறுத்தும். மழைக்கு நடுவில் உள்ளே இருந்து விரலால் சுவரைத் தொட்டால் அந்த இழுவிசை அறுந்து, தொட்ட இடத்தில் ஒழுக ஆரம்பிக்கும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லித்தான் தீர வேண்டும். பின்னாளில் வந்த அக்ரிலிக் துணி வெயிலுக்கு நன்றாகத் தாங்கும், பூஞ்சையாலும் தின்ன முடியாது. ஆனால் அதன்மேல் படியும் மகரந்தமும் தூசியும் பூஞ்சைக்குச் சாப்பாடு, அதனால் அக்ரிலிக்கும் கறுப்புப் புள்ளி பூக்கும்.

கேன்வாஸின் எதிரி மழையில்லை. ஈரத்தோடு மடித்து வைப்பதுதான். மழையே பெய்யாவிட்டாலும் உள்ளே தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீரைக் காற்றில் விடுகிறார். நால்வர் தூங்கினால் ஒரு லிட்டர். விடியற்காலைக் குளிரில் அது துணியிலும் மெத்தைக்கு அடியிலும் பனித்துளியாகப் படிகிறது. ஒன்பது மணிக்குள் முகாம் இடத்தைக் காலிசெய்யும் அவசரத்தில் அப்படியே மடித்துவிட்டால், கூரைக்கும் மெத்தைக்கும் இடையே இருட்டு, ஈரம், செல்லுலோஸ் மூன்றும் சேர்ந்து அடைபடுகின்றன. ஓரிரு நாளுக்குள் வீட்டு வாசலில் திறந்து உலர்த்திவிட்டால் தப்பிக்கலாம். ஒரு வாரம் விட்டால் வாசனை வரும். அந்த வாசனையைப் போக்க பிளீச் ஊற்றுபவர்கள் கறையையும் கூடவே பருத்தி நாரின் பலத்தையும் எடுத்துவிடுகிறார்கள். நீர்விலக்கும் பூச்சும் போய்விடும். மென்மையான சோப்பு, மிருதுவான பிரஷ், பிறகு வெயில், அதன்பின் புதிதாக நீர்விலக்கி. நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் துணி மிஞ்சும்.

வினைல் பூசிய பகுதிகளில் வேறு கதை. வினைலை இளகலாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசையான சேர்மானம் வருஷத்துக்கு வருஷம் ஆவியாகிக்கொண்டே போகிறது. துணி எப்போதும் ஒரே கோட்டில் மடிகிறது, அந்தக் கோட்டில்தான் முதலில் வெடிக்கும். ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளாவதும் குளிரில் நொறுங்குவதும் இதே வகை. அதனால் உறைபனி நாளில் கேம்ப்பரைத் திறந்து பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

கூரை தூக்கும் அமைப்பில் அலட்சியம் உயிருக்கே ஆபத்து. கைப்பிடி சுற்றும் வின்ச், அதிலிருந்து தரைக்கடியில் ஓடும் எஃகுக் கேபிள், அதன் இழுப்பை நான்கு மூலைக்கும் சமமாகப் பங்கிடும் தண்டு, மூலைகளில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் தூண்கள். கேபிள் என்பது பல மெல்லிய கம்பிகளின் முறுக்கு. கப்பியில் வளையும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கம்பிகள் களைப்படைகின்றன. உப்புச் சாலைத் தண்ணீர் பட்டால் உள்ளே துரு. அது ஒரேயடியாக அறுவதில்லை, இழை இழையாகத்தான் அறும். தடித்த கந்தையால் கேபிளைப் பிடித்து உருவினால் துணி எங்காவது மாட்டும். மாட்டினால் அங்கே இழை அறுந்திருக்கிறது, கேபிளை மாற்றியாக வேண்டும். ஒரு மூலை மற்ற மூன்றைவிடத் தாமதமாக எழும்பினாலும் எச்சரிக்கைதான். கூரை நூறு கிலோவுக்குக் குறையாது, ஏசி இருந்தால் இன்னும் நாற்பது கிலோ சேரும். நான்கு மூலைக்கும் முட்டுக்கட்டை கொடுக்காமல் அதனடியில் யாரும் தலைநீட்டக்கூடாது. தூண்களுக்கு சிலிகான் ஸ்பிரே, வின்ச்சின் பற்சக்கரத்துக்கு கிரீஸ். ஆனால் பிரேக் உள்ள வின்ச்சின் உராய்வுத் தட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. கூரையை நடுவழியில் நிறுத்தி வைப்பது அந்த உராய்வுதான்.

சில்லறை விஷயங்களும் இருக்கின்றன. நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரியும், ஆகவே குளிர்காலத்துக்கு முன் குழாயையும் பம்ப்பையும் காலிசெய்து, புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த திரவத்தை ஓடவிட வேண்டும். பாதி சார்ஜில் விட்ட பேட்டரியின் தட்டுகளில் சல்ஃபேட் படிகம் கெட்டியாகிவிடும், கழற்றி உள்ளே கொண்டுபோய் முழுக்க சார்ஜ் செய்து வையுங்கள். எரிவாயு பர்னரின் குழலில் சிலந்தி கூடு கட்டும். காற்று குறைந்து, நீலச் சுடர் மஞ்சளாகி, கார்பன் மோனாக்சைடு வெளிப்படும். எரிவாயுவில் ஓடும் ஃபிரிட்ஜ், 1922-ல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த முண்டர்ஸ், ஃபான் பிளாட்டன் என்ற இருவர் கண்டுபிடித்தது. அசையும் பாகமே அதில் இல்லை. வண்டி சாய்ந்து நின்றால் மட்டும் உள்ளே அம்மோனியாக் கரைசல் ஓட மறுக்கும்.

நிறுத்தி வைப்பதில் கவனம் என்றால் பெரிய செலவில்லை. காய்ந்த துணியோடு மூட வேண்டும். கூரையை ஒரு பக்கம் சற்றுச் சாய்த்து நிறுத்தினால் நீர் தேங்காது. காற்று போகாத பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் அடைபடும், மூச்சுவிடும் துணி உறைதான் தேவை. ஆக்ஸிலுக்கு அடியில் தாங்கி கொடுத்து டயரிலிருந்து எடையை எடுத்துவிடலாம். முடியாதவர் மாதம் ஒருமுறை சக்கரம் அரைச் சுற்றாவது சுற்றும்படி வண்டியை உருட்டினால் பேரிங்கின் உருளையும் டயரின் புடைப்பும் இடம் மாறும். வெயில்படும் பக்கச் சக்கரத்துக்கு ஒரு மூடி. குளிர்காலத்தின் நடுவே வெயிலடிக்கும் இதமான ஒரு நாள் கிடைத்தால், மடித்த நிலையிலேயே கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஒழுகல் கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரம் முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

பழையது வாங்க நினைப்பவருக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். டயரும் பேரிங்கும் எப்படி இருந்தாலும் மாற்றத்தான் போகிறீர்கள், அதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கேன்வாஸ் கிழிந்திருந்தால் தைக்கலாம், தைக்க முடியாததைப் புதிதாகச் செய்து தருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேபிளை ஒரு சனிக்கிழமையில் மாற்றிவிடலாம். கூரை விரிசலோடும் கொஞ்சகாலம் வாழலாம். தூக்கும் தூண்கள் ஊன்றியிருக்கும் நான்கு மூலைகளில் மட்டும் திருப்புளியை ஊன்றிப் பாருங்கள். அங்கே மரம் இளகியிருந்தால், தரையைப் பெயர்க்கப் பெட்டியையே பிரிக்க வேண்டும். பெட்டியைப் பிரித்தால் தூணின் நேர்க்கோடு போகும், பிறகு கூரை ஒருபோதும் சரியாக உட்காராது. அந்த வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போங்கள்.